துருப்பிடித்த போல்ட்டுக்கு அவசரம் ஆகாது

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், வண்டி வைத்துத் தொழில் செய்யும் குழுக்களின் சார்பில் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களும் படித்துப் பயன்பெற இங்கே வெளியிடுகிறோம்.)

நாங்க மீன் வண்டி, கருவாட்டு வண்டி வைத்துத் தொழில் செய்கிற குழுக்களின் சார்பா பேச வந்திருக்கோம். சேமிப்பு பத்தியும் கடன் பத்தியும் இந்த மேடையில் நிறைய பேசியாச்சு. இன்னைக்கு நாங்க பேசப்போறது வண்டிக்கு அடியில் துருப்பிடித்துக் கிடக்கிற நட்டு போல்ட்டைப் பற்றி.

"அதெல்லாம் மெக்கானிக் பார்த்துக்க மாட்டாரா? நமக்கு எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். வண்டி யார் பேரில் இருக்கு? குழு பேரில், இல்லைன்னா நம்மில் ஒருத்தர் பேரில் இருக்கு. கடன் யார் கட்டுறோம்? நாமதான். பட்டறையில் வண்டி ரெண்டு நாள் நின்னா வருமானம் நிற்கும், தவணை நிற்காது. ஒரு போல்ட்டைப் பொறுமையில்லாமல் திருகி ஒடித்துவிட்டால், கூடவே இருக்கிற நல்ல பாகத்தையும் வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு போட வேண்டியிருக்கும். நூறு ரூபாயில் முடிய வேண்டியது ஆயிரக்கணக்கில் போகும். அதை விட முக்கியம், அந்த வண்டியில் சரக்கோடு நாமும் உட்கார்ந்து போறோம்.

அதனால் நாமெல்லாம் மெக்கானிக் ஆக வேண்டும் என்று சொல்ல வரலை. எது நம்ம கையால் ஆகும், எது பட்டறை வேலை, எதை யாரும் அவசரத்தில் தொடக் கூடாது, இந்த மூன்றும் தெரிந்திருந்தால் போதும்.

வண்டிக்கு அடியில் என்ன இருக்கு?

வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த அதிர்ச்சி நம்ம இடுப்புக்கும் சரக்குக்கும் வராமல் தாங்குகிற பாகங்களுக்குத்தான் சஸ்பென்ஷன் என்று பேர். பழைய குட்டி யானை வண்டியில் முன்னாலும் பின்னாலும் பட்டைதான். இரும்புப் பட்டைகளை வில் மாதிரி வளைத்துச் சேர்த்திருப்பார்கள். 2019-இல் தயாரிப்பு நின்றுபோன ஆம்னி வேன் இன்னும் எத்தனையோ ஊரில் ஓடிக்கிட்டு இருக்கு. அதில் பின்னால் பட்டை, முன்னால் சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு. கார்களில் இதோடு லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட் போன்றவையும் இருக்கும்.

பட்டையை அச்சோடு சேர்த்துக் கட்டிப் பிடிப்பது யு போல்ட். பட்டையின் முனையைச் சட்டத்தோடு இணைக்கிற ஊஞ்சல் மாதிரியான துண்டு ஷாக்கிள். இரும்பும் இரும்பும் உரசாமல் நடுவில் இருக்கிற ரப்பர்தான் புஷ். புஷ்ஷின் நடுவே ஒரு இரும்புக் குழல் இருக்கும், அதன் வழியாகத்தான் போல்ட் போகும். இந்தக் குழலை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னால் தேவைப்படும்.

துரு ஏன் இப்படி இறுக்குது?

துரு என்றால் இரும்பு கரைந்து போவது என்றுதான் நினைக்கிறோம். ஆனால் ஒரு பங்கு இரும்பு துருவாக மாறினால் அது ரெண்டு பங்குக்கு மேல் இடத்தைப் பிடிக்கும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் மரையில் இருக்கிற மயிரிழை இடைவெளியில் துரு உருவாகி, வீங்கி, ஆப்பு அடித்த மாதிரி இறுக்கிக்கொள்ளும். யாரும் கூடுதலாகத் திருகி இறுக்கவில்லை, துருதான் இறுக்கிவிட்டது.

இதில் உப்பு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். துருப்பிடிப்பது என்பது இரும்புக்குள்ளேயே நடக்கிற ஒரு சின்ன மின்சார வேலை. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால் அந்த வேலை வேகமாக நடக்கும். காய்ந்த பிறகும் ஒட்டியிருக்கிற உப்பு, காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மீன் பெட்டியில் ஐஸ் உருகி வழிகிற தண்ணீர் எங்கே போகுது? தளத்தின் ஓட்டை வழியாக நேரே பட்டை மேலேயும் யு போல்ட் மேலேயும்தான் சொட்டுது.

பாம்பன் ரயில் பாலம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். 1914-இல் திறந்த பாலம். கடல் காற்றில் நிற்கிற இரும்பு என்பதால் தொடர்ந்து பெயிண்ட் அடித்துப் பராமரித்தார்கள். கடைசியில் 2022 டிசம்பரில் அதில் ரயில் போவதை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள். அத்தனை பேர் கவனித்த பாலத்துக்கே துரு அந்தப் பாடு படுத்தியிருக்கு. யாரும் குனிந்துகூடப் பார்க்காத நம்ம வண்டியின் அடிப்பாகம் எம்மாத்திரம்?

வண்டி முன்கூட்டியே சொல்லும்

சஸ்பென்ஷன் திடீரென்று கெடுவது குறைவு. முதலில் சத்தம் கொடுக்கும். மேடு பள்ளத்தில் 'கடக் கடக்' என்று கேட்கும். வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும். டயர் ஒரு ஓரமாகத் தேயும். ஸ்டியரிங்கை விட்டால் ஒரு பக்கம் இழுக்கும். இதில் எது தெரிந்தாலும் தள்ளிப்போடாதீங்க. ஒரு மழைக்காலம் தள்ளிப்போட்டால், தேய்ந்த புஷ்ஷை மாற்றுவது பெரிய வேலையாக இருக்காது, அதைப் பிடித்திருக்கிற போல்ட்டைக் கழற்றுவதுதான் பெரிய வேலையாக இருக்கும்.

கை வைப்பதற்கு முன்னால்

இந்தப் பகுதியை மட்டுமாவது எல்லோரும் கவனமாகக் கேளுங்க.

வண்டி சமமான, கெட்டியான தரையில் நிற்க வேண்டும். மணலில் ஜாக்கி வைக்கக் கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டு, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். சக்கர நட்டுகளை வண்டியைத் தூக்கும் முன்பே லேசாகத் தளர்த்திவிட வேண்டும்.

ஜாக்கி வண்டியைத் தூக்கத்தான், தாங்க இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது. இரும்பு ஸ்டாண்டு வைத்து, வண்டி அதன் மேல் உட்கார்ந்த பிறகுதான் குனிய வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் கல் இதெல்லாம் வைக்கவே கூடாது. பார்க்கக் கெட்டியாக இருக்கும், ஒரு அதிர்வில் நொறுங்கிவிடும். துருப்பிடித்த போல்ட்டைத் திருகும்போது வண்டியே ஆடும் என்பதை மறக்காதீங்க.

கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். அண்ணாந்து பார்த்து வேலை செய்யும்போது துருப்பொடி நேரே கண்ணில்தான் விழும். வளையல், மோதிரம் கழற்றி வையுங்க. தாலிக்கொடியை உள்ளே விட்டு, புடவை மேல் வயல் வேலைக்குப் போடுற சட்டையைப் போட்டுக்குங்க. தலைப்பும் துப்பட்டாவும் தொங்கக் கூடாது. பக்கத்தில் எப்போதும் இன்னொருத்தர் இருக்க வேண்டும். இந்த வேலைக்குத் தனியாகப் போகாதீங்க.

முதல் நாள்: பிரஷும் எண்ணெயும் மட்டும்

வேலை நாளைக்கு என்றால் இன்றைக்கு சாயந்தரமே ஆரம்பிக்க வேண்டும். நிறைய பேர் விடுகிற இடம் இதுதான். பட்டறைக்குப் போனவுடன் ஸ்பேனரை மாட்டி, பலம் கொண்ட மட்டும் இழுப்பார்கள். போல்ட் ஒடியும்.

முதலில் கம்பி பிரஷ். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மரையை நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். நட்டு கழன்று வரப்போகிற பாதை அதுதான். அந்தப் பாதையில் துருவும் மண்ணும் இருந்தால், உள்ளே இளகிய நட்டு வெளியே வந்து மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் எண்ணெய். கடையில் துரு இளக்குகிற ஸ்பிரே டப்பா கிடைக்கும். அது இல்லையென்றால் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்து விடலாம். கெட்டியான கிரீஸ் இதற்கு உதவாது, அது உள்ளே இறங்காது. மெல்லிய எண்ணெய்தான் மரை வழியே ஊறி உள்ளே போகும். நட்டும் போல்ட்டும் சேர்கிற விளிம்பில், ரெண்டு பக்கமும் விடணும். சுத்தியலால் நட்டின் மேல் லேசாக நாலு தட்டு தட்டி, மறுபடி விடணும். தட்டும்போது துருவில் சின்ன விரிசல் விழும், எண்ணெய் அதன் வழியே இறங்கும். ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் இன்னொரு தடவை விடுங்க.

மூன்று எச்சரிக்கை. பிரேக் பாகத்தில் எண்ணெய் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது, பட்டால் பிரேக் பிடிக்காது. மண்ணெண்ணெயும் டீசலும் ரப்பரைக் கெடுக்கும், அதனால் மாற்றாமல் வைக்கப்போகிற புஷ் மேல் படாமல் துணி சுற்றிக்குங்க. பிரேக் ஆயிலை எடுத்துத் துருவுக்கு விடுற பழக்கம் சிலரிடம் இருக்கு. அது வண்டியின் பெயிண்டை உரித்துவிடும், அந்த இடத்தில் புதுத் துரு ஆரம்பிக்கும்.

இரண்டாம் நாள்: முன்னும் பின்னும்

ஸ்பேனர் சரியான நம்பராக இருக்கணும். வாய் திறந்த ஸ்பேனர் இதற்கு ஆகாது, அது வழுக்கி நட்டின் மூலைகளை மழுங்கடித்துவிடும். மூலை மழுங்கிய நட்டை எந்த ஸ்பேனரும் பிடிக்காது. ரிங் ஸ்பேனர் நல்லது. ஆறு மூலை உள்ள பாக்ஸ் ஸ்பேனர் அதை விட நல்லது, அது நட்டின் ஆறு பக்கத்தையும் முழுசாகப் பிடிக்கும். இன்னொரு ஸ்பேனரால் போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஸ்பேனரை நம்ம பக்கமாக இழுக்கணும். தள்ள வேண்டியிருந்தால் விரல்களை மடக்காமல் உள்ளங்கையால் தள்ளணும். திடீரென்று கழன்றால் விரல் முட்டி போய் இரும்பில் மோதாது.

முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு சின்ன அழுத்தம் கொடுத்துப் பாருங்க. ஆச்சரியமாக இருக்கும், ஆனால் பல நேரம் துருவின் பிடி அதில்தான் விடும். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அப்புறம் கழற்றுகிற பக்கம் கால் சுற்று. உடனே முழுசாகக் கழற்றப் போகாதீங்க. கொஞ்சம் திரும்ப இறுக்குங்க, எண்ணெய் விடுங்க, மறுபடி அரைச் சுற்று கழற்றுங்க. இப்படி முன்னும் பின்னும் போகும்போது துரு பொடியாகி வெளியே வரும். ஒரே மூச்சில் திருகினால் அந்தப் பொடி மரையில் குவிந்து நடுவழியில் சிக்கிக்கொள்ளும்.

பலம் போதவில்லை என்றால் ஸ்பேனரின் கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயை மாட்டி நீட்டலாம். கைப்பிடி ரெண்டு மடங்கு நீளமானால் நம்ம பலமும் ரெண்டு மடங்காக வேலை செய்யும். ஆண் பிள்ளைகள் பலம் வேணும் என்பதெல்லாம் அங்கேயே முடிந்தது. ஆனால் அந்தப் பலமே போல்ட்டை ஒடிக்கவும் செய்யும். அதனால் கையின் உணர்வைக் கவனியுங்க. கெட்டியாக நின்று 'டக்' என்று விட்டால் நட்டு கழறுது. மெத்து மெத்தென்று, ஜவ்வு மாதிரி இழுபடுவது போல இருந்தால் போல்ட் முறுக்கிக்கொள்கிறது, அடுத்தது ஒடியும். அங்கேயே நிறுத்திட்டு மறுபடி எண்ணெய்க்குப் போயிடணும். பதறாத காரியம் சிதறாது என்று சும்மாவா சொன்னாங்க.

அப்பவும் அசையலைன்னா

அடுத்தது தட்டுவது. போல்ட்டின் முனையில் தட்ட வேண்டியிருந்தால், நட்டை முழுசாகக் கழற்றிவிடாமல் போல்ட் முனைக்குச் சமமாக வைத்துக்கொண்டு தட்டுங்க. இல்லையென்றால் முனை நசுங்கி மரை போய்விடும். ஓங்கி ஒரே அடி வேண்டாம். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது போல்ட்டுக்கு அப்படியே பொருந்தும்.

அதற்கும் அடுத்தது சூடு. நட்டைச் சூடாக்கினால் அது விரியும், துருவின் பிடி விடும். போல்ட்டை விட்டு நட்டைத்தான் சூடாக்க வேண்டும். இது பட்டறை வேலை, நம்ம வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை. இருந்தாலும் அங்கே நிற்கும்போது எது கூடாது என்று நமக்குத் தெரிந்திருக்கணும்.

• பெட்ரோல் டேங்க், பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் பக்கத்தில் நெருப்பு கூடாது. கேஸில் ஓடுகிற வண்டி என்றால் இன்னும் எச்சரிக்கை.

• ஷாக் அப்சார்பரின் மேல் நெருப்பைக் காட்டவே கூடாது. உள்ளே எண்ணெயும் சிலவற்றில் அழுத்தமான வாயுவும் இருக்கும், வெடிக்கும்.

• பட்டையையும் சுருள் ஸ்பிரிங்கையும் சூடாக்கக் கூடாது. அந்த இரும்பின் பதம் போய்விடும். பிறகு பாரம் ஏற்றும்போது தொய்யும், இல்லை ஒடியும்.

• முதல் நாள் விட்ட மண்ணெண்ணெயைத் துடைக்காமல் நெருப்பு வைக்கக் கூடாது. சிவந்த நட்டின் மேல் எண்ணெய் தெளிக்கவும் கூடாது. சூடு தணிந்த பிறகு விட்டால் அது தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

குழலுக்குள் பிடித்த போல்ட்

முதலில் ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன குழல் இப்போது வருது. சில சமயம் நட்டு அழகாகக் கழன்று வந்துவிடும், போல்ட் மட்டும் வெளியே வராது. தலையைத் திருகினால் திரும்புகிற மாதிரி இருக்கும், விட்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். போல்ட் புஷ்ஷின் குழலோடு சேர்ந்து துருவால் ஒட்டிக்கொண்டது, நாம் திருகும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம்.

இங்கே சுத்தியலால் அடித்தாலும் ரப்பர் அந்த அடியை வாங்கிக்கொள்ளும், போல்ட்டுக்குப் போய்ச் சேராது. புஷ் எப்படியும் மாற்றப்போவதுதான் என்றால், பட்டறையில் போல்ட்டை ரெண்டு பக்கமும் வெட்டி எடுத்துவிட்டு, புது புஷ்ஷும் புது போல்ட்டும் போடுவதுதான் நேரமும் காசும் மிச்சம். துருப்பிடித்த யு போல்ட்டுக்கும் இதே கணக்குதான். அதன் நட்டோடு நாள் முழுக்க மல்லுக்கட்ட வேண்டாம். யு போல்ட் ஒரு தடவை இறுக்கியதிலேயே கொஞ்சம் இழுபட்டிருக்கும், கழற்றினால் மறுபடி போடக் கூடாது. புதுசு போடப்போற பொருளுக்காகப் பழசைக் காப்பாற்ற எதற்குக் கஷ்டப்படணும்? எதற்குப் பொறுமை, எதற்கு வெட்டு என்று பிரித்துப் பார்ப்பதும் இந்த வேலையில் ஒரு பாதி.

நாம் தொடக் கூடாதது

ஆம்னி மாதிரி வண்டியிலும் பெரும்பாலான கார்களிலும், முன்பக்க ஷாக் அப்சார்பரின் உச்சியில் நடுவே ஒரு நட்டு இருக்கும். அழுத்தி வைத்த சுருள் ஸ்பிரிங்கை அதுதான் பிடித்துக்கொண்டிருக்கு. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கருவி இல்லாமல் அதைக் கழற்றினால் ஸ்பிரிங் துப்பாக்கிக் குண்டு மாதிரி பாயும். உயிரே போகும். அதை நாம் தொட வேண்டாம், கருவி இல்லாத பட்டறையிலும் தொடவிட வேண்டாம்.

பால் ஜாயின்ட் கழற்றுவதும், பிரேக் சம்பந்தப்பட்டதும், வெல்டிங் வைத்து ஒடிந்த போல்ட்டை எடுப்பதும் தெரிந்தவர்கள் வேலை. வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றினார்களா என்று மட்டும் பார்த்துக்குங்க.

மறுபடி மாட்டும்போது

துருப்பிடித்துக் கழற்றிய போல்ட்டைத் தேய்த்து மறுபடி போடக் கூடாது. புது போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று எண் இருக்கும், அது பலத்தின் அளவு. பழசில் என்ன எண்ணோ அதே எண் வேண்டும். ஹார்டுவேர் கடையில் எண் இல்லாத போல்ட் மலிவாகக் கிடைக்கும். கதவுக்கும் கேட்டுக்கும் அது சரி, சஸ்பென்ஷனுக்கு ஆகாது. பூட்டு நட்டும், பின்னும் ஒவ்வொரு தடவையும் புதுசு.

குழலுக்குள் போகிற போல்ட்டின் உடம்பில் மெல்லிசாகக் கிரீஸ் தடவிப் போட்டால் அடுத்த தடவை கையாலேயே வரும்.

இன்னொன்று, பட்டறையிலும் சில பேர் விட்டுவிடுவது. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது வண்டி சக்கரத்தில் நிற்கிற நிலையில், தன் பாரத்தோடு இருக்கணும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதும் புது ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும். "அண்ணே, வண்டியை இறக்கிட்டு இறுக்குங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு யு போல்ட்டை இன்னொரு தடவை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்க. முன்பக்க வேலை செய்திருந்தால் சக்கர அலைன்மென்ட்டும் பார்த்துவிடணும்.

பட்டறையில் பேச வேண்டியது

வண்டியை விடுவதற்கு முதல் நாளே போய், "இந்த போல்ட்டுக்கெல்லாம் எண்ணெய் விட்டு வெச்சிருக்கோம்" என்று சொல்லிட்டு வாங்க. பார்க்கிற பார்வையே மாறும். வெட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. போல்ட் ஒடிந்தால் கூடுதல் செலவு எவ்வளவு ஆகும் என்று முன்னாலேயே கேட்டுக்குங்க. கழற்றிய பழைய பாகங்களைக் கையில் வாங்கிக்குங்க. நாமே கேட்டு வாங்கினால் மாற்றாத பாகத்துக்குக் காசு போகாது. பில்லை வாங்கிக் குழு நோட்டில் ஒட்டுங்க.

நல்ல மெக்கானிக்குகள் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்கள். பொறுமையாகக் கழற்றுகிறவருக்கு அந்தக் கூடுதல் நேரத்துக்கான கூலியைக் கொடுக்க நாமும் தயங்கக் கூடாது. அரை நாள் கூலி கூடினாலும், பாகம் ஒடியாமல் வந்தால் நமக்குத்தான் லாபம்.

துரு சேராமல் இருக்க

மீன் ஏற்றிய அன்றைக்கே வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவணும். மேலே பளபளவென்று கழுவி, அடியை விட்டுவிடுவதுதான் நம்ம வழக்கம். அதை மாற்றணும். ஐஸ் தண்ணீர் தளத்தில் வழியாமல் ஒரு குழாய் வைத்து, இரும்பில் படாமல் தள்ளி விழுகிற மாதிரி செய்துக்கலாம். பட்டை, ஷாக்கிளில் கிரீஸ் வைக்கிற முனை இருக்கிற வண்டியென்றால் தவறாமல் கிரீஸ் வைக்கணும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை வண்டியைத் தூக்கி, வெளியே தெரிகிற மரைகளையெல்லாம் பிரஷ் போட்டுத் துடைத்து எண்ணெய் தொட்டு வைக்கணும்.

கூட்டமைப்புக்கு எங்கள் கோரிக்கை

கல்யாணத்துக்குப் பாத்திரமும், பந்தலும், நாற்காலியும் வாங்கி வாடகைக்கு விடுகிற குழுக்கள் நம்மிடம் இருக்கு. அதே மாதிரி ஒரு கருவிப் பெட்டி கூட்டமைப்பில் இருக்கட்டும். நல்ல ஜாக்கி ஒன்று, இரும்பு ஸ்டாண்டு ரெண்டு ஜோடி, ஆறு மூலை பாக்ஸ் ஸ்பேனர் செட், நீண்ட கைப்பிடி, கம்பி பிரஷ், கண்ணாடி. எந்தக் குழுவும் தனியாக வாங்க வேண்டியதில்லை. வண்டி வைத்திருக்கிற குழுக்கள் முறை வைத்து எடுத்துக்கலாம், சின்னதாக ஒரு வாடகை வைத்துக்கலாம்.

ரெண்டாவது, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டு. சேமிப்புக்கும் கடனுக்கும் நோட்டு எழுதிப் பழகியவர்கள் நாம். எந்தத் தேதியில் எந்த போல்ட் மாற்றினோம், எப்போது கிரீஸ் வைத்தோம், யார் பார்த்தார்கள் என்று எழுதி வைத்தால், அடுத்த தடவை யாரையும் கேட்கத் தேவையில்லை.

மூன்றாவது, வண்டி ஓட்டுகிற பெண்களுக்கும், வண்டிக் குழுவில் இருக்கிறவர்களுக்கும் அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கை வைத்து ஒரு நாள் பயிற்சி வேண்டும். பேச்சில் கேட்டது ஒரு பங்குதான். ஸ்பேனரைப் பிடித்து, நட்டு விடுகிற 'டக்' என்ற சத்தத்தைக் கையால் உணர்ந்தால்தான் மனதில் நிற்கும்.

இந்த மூன்றையும் இன்றைய கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றும்படி கேட்டுக்கொள்கிறோம். இன்றைக்கு சாயந்தரம் வீட்டுக்குப் போனதும், வண்டி வைத்திருக்கிறவர்கள் ஒரு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு ஒரு தடவை குனிந்து அடியில் பாருங்க.